ஆட்டோக்காரர் கொச்சிக்குப் போனார்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை. ஆன்லைன் வேலைகளும் செய்து தருகிறேன்: பட்டா, சாதிச் சான்று, ரயில் டிக்கெட் எல்லாம். கடையை ஒட்டியே ஆட்டோ ஸ்டாண்டு. அங்கே பதினெட்டு வருஷமாக வண்டி போடுகிறவர் இளையபெருமாள். தொண்டூர்க்காரர், கல்யாணத்துக்குப் பிறகு செஞ்சிக்கே வந்துவிட்டார். வயது ஐம்பத்தாறு. காக்கிச் சட்டையை வீட்டில் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு வருவார்.

அவருக்கு வருமானமே கோட்டைக்கு வருகிற சனங்கள்தான். அவர்களை இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தார். காரில் வந்து, வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, "மேல என்ன இருக்குது?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள் ஒரு வகை. தண்ணீர் பாட்டிலும் தயிர்ச்சோறுமாக பஸ்ஸில் வந்திறங்கி, ராஜகிரி உச்சிவரை ஏறி, சாயந்திரம் முகமெல்லாம் சிவந்துபோய் அவர் வண்டியில் வந்து விழுகிறவர்கள் இன்னொரு வகை. "இவுங்கதான் கோட்டைய பாத்துட்டுப் போறவங்க. அவுங்க கோட்டைக்கு மூஞ்சிய காட்டிட்டுப் போறவங்க" என்பார்.

ஆனால் அவர் எந்த ஊரையும் அப்படிப் பார்த்ததில்லை. திருப்பதிக்குப் போயிருக்கிறார், மாமனாரின் கண் ஆபரேஷனுக்காகச் சென்னைக்கு இரண்டு தடவை போயிருக்கிறார். சும்மா பார்ப்பதற்கென்று எங்கும் போனது கிடையாது.

அவர் மனைவி ரத்தினம்மாள், ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் உதவியாளர். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் கணவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கோட்டை வாசலுக்குப் போயிருக்கிறார். அங்கே ஆட்டோவுக்குள் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். கொச்சிக்காரர், வேலூரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கூட வந்தவர்கள் மலையேறப் போய்விட, முட்டிவலியால் இவர் மட்டும் கீழே தங்கிவிட்டார். மூன்று மணி நேரம் இரண்டு பேரும் பேசியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் கப்பல் கரைக்குப் பக்கத்திலேயே போகும், கூப்பிட்டால் கப்பல்காரனுக்குக் கேட்கும், டீ குடிக்கிற காசில் படகில் ஊரைச் சுற்றலாம் என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். ரத்தினம்மாள் அதைப் பிடித்துக்கொண்டார். கடல் அவருக்குப் புதிதல்ல. புதுச்சேரி பக்கத்தில்தானே இருக்கிறது. கப்பலைத்தான் பார்த்ததில்லை.

போன வருஷம் மே மாதம் இளையபெருமாளின் ஆட்டோ அவலூர்பேட்டை ரோட்டில் புகை கக்கி நின்றது. திண்டிவனம் மெக்கானிக் இன்ஜினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, சாமான் வெளியூரிலிருந்து வரவேண்டும், இரண்டு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டார். கையிலிருந்ததில் பெரும்பங்கு அதற்கு முன்பணமாகப் போனது. வண்டி இல்லாத மனுஷர் என் கடை பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டு, ரோட்டில் போகிற மற்ற ஆட்டோக்களின் சத்தத்தைக் கேட்டு, "அதுக்கு கிளட்ச் போச்சு", "இவன் ஆயிலே மாத்தறதில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் ரத்தினம்மாள் கடைக்கு வந்தார்.

"தங்கச்சி, கொச்சிக்கு ரயிலு இருக்குதா பாரு."

நான் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். இளையபெருமாள் எழுந்தே நின்றுவிட்டார்.

"இன்னா விளையாடறியா? இன்ஜின் பிரிச்சுப் போட்டுக் கெடக்குது, இவளுக்கு ஊரு சுத்தணுமாம்."

"வண்டி ஓடுனா நீங்க வர மாட்டீங்க. ஸ்கூலு தொறந்தா நான் வர முடியாது. ரெண்டும் இல்லாத நேரம் இதுதாங்க."

"காசு?"

"சீட்டுல எடுத்தது நாலாயிரம் இருக்குது. அதுக்குள்ள போயிட்டு வருவோம். முடியலன்னா பாதியில திரும்பிடுவோம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். மே மாதத்தில் டிக்கெட் எங்கே கிடைக்கும்? ஆர்.ஏ.சி.யில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே படுக்கை கிடைத்தது. அதுவும் காட்பாடியிலிருந்து. திரும்பி வருவதற்கு வெயிட்டிங் லிஸ்ட்தான். எர்ணாகுளம் ஸ்டேஷனிலேயே பயணிகள் தங்கும் அறை இருக்கிறது, வெளியில் லாட்ஜ் எடுக்கிற செலவில் பாதிகூட ஆகாது என்று ஒரு ராத்திரிக்கு அதையும் பதிவு செய்து கொடுத்தேன். அப்படித்தான் இந்தக் கதையில் எனக்கும் பங்கு. மீதியெல்லாம் அவர்கள் இரண்டு பேரும் திரும்பி வந்து, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு சொன்னது.

ஆரணி வழியாக பஸ் பிடித்துக் காட்பாடி போனார்கள். பையில் இரண்டு வேளைக்குப் புளிச்சோறு, வறுத்த வேர்க்கடலை (எங்கள் ஊரில் மல்லாட்டை), எள்ளடை. ஒரே படுக்கையில் ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்தபடி தூங்கிப் போனதில் காலையில் இளையபெருமாளுக்குக் கழுத்து திரும்பவில்லை. எர்ணாகுளத்தில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஒருத்தரும் வேணாம்" என்று நடந்தார் இளையபெருமாள். "ஸ்டேஷன் வாசல்ல இன்னா ரேட்டு கேப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

அறையில் குளித்துவிட்டு டவுன் பஸ் பிடித்துப் படகுத் துறைக்குப் போனார்கள். டிக்கெட் கவுண்டரில் பெண்களுக்குத் தனி வரிசை. ஆண்கள் வரிசை வெளியே ரோடு வரை நிற்க, ரத்தினம்மாள் மூன்றே பேருக்குப் பின்னால் நின்று டிக்கெட்டோடு வந்தார். அந்த இரண்டு நாளும் டிக்கெட் எடுப்பது அவர் வேலை ஆயிற்று. ஃபோர்ட் கொச்சிக்குப் பத்து ரூபாய்கூட இல்லை. செஞ்சியில் அந்தக் காசுக்கு டீ வராது.

படகில் ஆபீஸ் போகிறவர்கள், மீன்கூடைக்காரர்கள், காலேஜ் பிள்ளைகள். எல்லாரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்க, ரத்தினம்மாள் மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். தூரத்தில் கிரேன்கள், பச்சைத் தீவுகள், துருப்பிடித்த இழுவைப் படகுகள். அக்கரை வந்ததும் எல்லாரும் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை.

"ஊரு வந்துட்டுது, எறங்கு."

"இன்னொரு வாட்டி போலாங்க."

"வந்த வழியேவா?"

"வர்றப்ப இந்தப் பக்கந்தான பாத்தோம். அந்தப் பக்கம் பாக்க வேணாமா?"

அன்றைக்கு அவர்கள் அந்தப் படகில் மூன்று தடவை போய் வந்தார்கள். இரண்டாவது தடவை டிக்கெட் வாங்கிப் பார்த்த நடத்துனர், மூன்றாவது தடவை சிரித்துவிட்டுத் தாண்டிப் போனாராம்.

மத்தியானம் கரையில் சீன வலைகளைப் பார்த்தார்கள். ஒரு வீட்டு அகலத்துக்கு விரிகிற வலையை ஐந்தாறு பேர் கயிற்றைப் பிடித்து இழுத்துத் தூக்க, அதில் கைப்பிடி மீன் விழுந்தது. "இதுக்கா இத்தினி பேரு?" என்றார் இளையபெருமாள். பெண்கள் குழு நடத்துகிற ஒரு சாப்பாட்டுக் கடையைப் படகில் பார்த்த ஒரு காலேஜ் பெண் சொல்லியிருந்தாள். அங்கே பெரிய பெரிய பருக்கையாகச் சோறு, மோர்க்குழம்பு, ஒரு துண்டு வறுத்த மீன். குடிக்க வைத்த தண்ணீர், மூலிகைப் பட்டை போட்டுக் காய்ச்சியதில், இளஞ்சிவப்பாக இருந்தது. ரத்தினம்மாள் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், மோந்து பார்த்தார், கடைசியில் கணவரைக் குடிக்கச் சொல்லி, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகே தானும் குடித்தார்.

எல்லாம் நடந்தது. கப்பல் மட்டும் வரவில்லை. பொழுது சாயும்வரை கரைக்கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். மீன்படகுகள் போயின. எண்ணெய்ப் பீப்பாய் ஏற்றிய ஒரு தட்டைப் படகு போனது. "இது கப்பலாங்க?" என்று அதையும் கேட்டார் ரத்தினம்மாள்.

"இல்ல. அந்த நர்ஸம்மா சும்மா பேச்சுக்குச் சொல்லியிருக்கும். அத நம்பி நாம வந்துட்டோம்."

ரத்தினம்மாள் மல்லாட்டையை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். அறைக்குத் திரும்புகிற வழியெல்லாம் உரித்தார். அவர் கோபித்துக்கொண்டால் கத்த மாட்டார், மல்லாட்டையை உரித்துக்கொண்டே இருப்பார் என்று இளையபெருமாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மறுநாள் சாயந்திரம் ரயில். காலையில் அறையைக் காலி செய்து, பையைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் படகு ஏறினார்கள். மட்டாஞ்சேரி இறங்கி மிளகு, ஏலக்காய் மூட்டைகள் கிடக்கிற தெருக்களில் நடந்தார்கள். வாசனைக்குக் காசு இல்லை என்று ரத்தினம்மாள் ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று நின்று போனார். பயணத்துக்காக வாங்கிய புதுச் செருப்பு குதிகாலில் தோலை உரித்துவிட்டது. பதினொரு மணிக்கு மேல் அவரால் நடக்க முடியவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். தார் ரோடு சுட்டது.

இளையபெருமாள் வேறு வழியில்லாமல் ஒரு ஆட்டோவைக் கை காட்டினார். கரை வரைக்கும் நூற்றிருபது ரூபாய் கேட்டார் டிரைவர்.

"இருக்கறது ரெண்டு கிலோமீட்டரு. அறுவது தரேன்."

"அறுவதுக்கு நடந்து போகலாம் அண்ணா" என்றார் டிரைவர். நல்ல தமிழ். கோயம்புத்தூரில் ஒரு பேக்கரியில் நாலு வருஷம் வேலை பார்த்தவராம், பெயர் ஷம்சுதீன்.

"ஏறுங்க, காலு எரியுது" என்று ரத்தினம்மாள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக இளையபெருமாள் ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பிரேக் போட வேண்டிய இடத்திலெல்லாம் கால் தானாக அழுந்தியது. ஒரு பாலம் ஏறும்போது முன்னால் குனிந்தார்.

"ஏத்தத்துல டக்கு டக்குனு அடிக்குது. எத்தினி நாளா?"

ஷம்சுதீன் கண்ணாடியில் பார்த்தார். "ஒரு மாசம். பெட்ரோல் சரியில்லைன்னு நெனச்சேன்."

"பெட்ரோலு இல்ல. பிஸ்டன் ரிங்கு. இப்பவே பாருங்க. நான் பாக்காம ஓட்டி, இப்ப இன்ஜினே திண்டிவனத்துல பிரிச்சுக் கெடக்குது."

ஷம்சுதீன் வண்டியை ஓரமாக நிறுத்தினார். இரண்டு பேரும் இறங்கிப் பின்பக்க மூடியைத் திறந்து குனிந்து நின்றுவிட்டார்கள். ஒருவர் ஆக்ஸிலேட்டரைத் திருக, இன்னொருவர் காதை வைத்துக் கேட்க, ரத்தினம்மாள் உள்ளேயே உட்கார்ந்து முழு எள்ளடைப் பொட்டலத்தையும் தின்று முடித்தாராம். கடைசியில் அவர்தான் கேட்டார்.

"ஏந்தம்பி, நேத்து பொழுதுக்கும் வலைக்காரங்க பக்கத்துல கரையில இருந்தோம். இந்த ஊர்ல கப்பலு வருமா வராதா?"

"கப்பலா? பைலட் போட் இப்பதான் வெளியே போச்சு. எப்படியும் ரெண்டு மணிக்குள்ள ஒண்ணு உள்ளே வரும். நீங்க நேத்து நின்ன இடத்தைவிட நல்ல இடம் காட்டறேன்."

பெரிய கப்பல்களுக்கு வழிகாட்டப் போகிற சின்னப் படகு அது. அது கிளம்பினால் பின்னாலேயே கப்பல் வரும் என்று போகிற வழியில் விளக்கினார். துறைமுக வாய்க்கு நேராக, ஒரு மரநிழலில் இறக்கிவிட்டார். "அறுவதே கொடுங்க அண்ணா" என்றார். இளையபெருமாள் நூற்றிருபதும் கொடுத்தார்.

ஏன் கொடுத்தீர்கள் என்று பிறகு நான் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை வர்றவங்ககிட்ட நானும் கூடத்தான கேக்கறேன்? அவன் கேட்டா மட்டும் தப்பா?" என்றார்.

ஒன்றரை மணிக்கு கடல் பக்கம் ஒரு சுவர் மாதிரி தெரிந்தது. பிறகு அது நகர்ந்தது. சிவப்பு, நீலம், பச்சை என்று பெட்டிகள் அடுக்கிய சரக்குக் கப்பல். கிட்ட வர வர மேலே மேலே எழும்பி, எதிர்க்கரையை மறைத்துவிட்டது. சத்தமே இல்லை, காலுக்குக் கீழே கல் மட்டும் லேசாக அதிர்ந்தது. வலை இழுக்கிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இவ்ளோ லாரியும் ஒண்ணா ஏத்துனா மாதிரி இருக்குது. எப்பிடிங்க மெதக்குது?"

இளையபெருமாள் வாயைத் திறந்தபடி நின்றிருந்தார். உச்சியில் ஆரஞ்சு சட்டை போட்ட ஒரு ஆள் கம்பியைப் பிடித்து நின்றிருந்தான். ரத்தினம்மாள் கையைத் தூக்கி ஆட்டினார். அவன் பார்க்கவில்லை. செருப்பைப் பிடித்திருந்த கையையும் சேர்த்துத் தூக்கி ஆட்டினார். அந்த ஆள் திரும்பி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான்.

ரத்தினம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே கல்லில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். கப்பல் திரும்பி, தீவுக்குப் பின்னால் முழுவதும் மறையும்வரை இரண்டு பேரும் அங்கிருந்து எழவில்லை.

ரயிலைப் பிடித்தார்கள். இந்தத் தடவை கீழ் படுக்கை, நடுப் படுக்கை என்று தனித்தனியாகவே கிடைத்திருந்தது. காட்பாடியில் இறங்கியபோது கையில் முன்னூறு ரூபாய்க்கு மேல் மீதி இருந்ததில், ஆரணி பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு பிரியாணி சாப்பிட்டிருக்கிறார்கள்.

இன்ஜின் ஜூன் முதல் வாரத்தில் வந்தது. பள்ளிக்கூடமும் திறந்தது. சாப்பாட்டு வரிசையில் நிற்கிற பிள்ளைகளுக்கு ரத்தினம்மாள் கப்பலைப் பற்றிச் சொல்லப் போய், தலைமையாசிரியர் ஒரு நாள் அவரை ஐந்தாம் வகுப்பில் நிற்கவைத்தே பேசச் சொல்லிவிட்டார். கரண்டியும் கையுமாகப் போய்ப் பத்து நிமிஷம் பேசியிருக்கிறார். ஷம்சுதீன் போன் செய்து, ரிங்தான், மாற்றியாகிவிட்டது என்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் இளையபெருமாள் இப்போதும் கொஞ்சம் கூடத்தான் கேட்கிறார்.

போன வாரம் ரத்தினம்மாள் கடைக்கு வந்து, விசாகப்பட்டினத்தில் படகு இருக்கிறதா, டிக்கெட் எத்தனை நாள் முன்னால் போட்டால் தனித்தனி படுக்கை கிடைக்கும் என்று கேட்டார். நான் தேடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது.

"இருக்கட்டும். நாளைக்கு வரேன், பாத்து வையி" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போனார்.