அக்கா மலைக்குப் போனது ஏன்

இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உங்களில் பலருக்கு அக்காவைப் பற்றி இரண்டு விதமான பேச்சுகள் எட்டியிருக்கும். ஹனூர், கொள்ளேகால் பக்கத்துச் சொந்தங்கள், கடைசிக் காலத்தில் அவருக்குச் சாமி நம்பிக்கை வந்துவிட்டது என்று மகிழ்ந்தார்கள். மைசூரில் அவரோடு மனிதநேய வட்டத்தில் இருந்த நண்பர்கள் சிலர், அவர் கொள்கையை விட்டுவிட்டார் என்று வருந்தினார்கள். இரண்டும் சரியல்ல. அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், கூடவே இருந்த தம்பி என்ற முறையில், நடந்ததை நடந்தபடி எழுதுவதே நான் அவருக்குச் செய்யக்கூடிய மரியாதை.

அக்கா பிறந்தது ஹனூருக்குப் பக்கத்தில், மழையை நம்பி ராகியும் நிலக்கடலையும் போடும் ஒரு சிற்றூரில். நான் நடை பழகுவதற்குள் அப்பா தவறிவிட்டார். அக்கா பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஊரில் ஒரு வீட்டில் வெள்ளிக் கொலுசு காணாமல் போனது. அங்கே வேலை செய்த பெண்ணைக் கோயில் முன்னால் நிறுத்தி, கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். அவர் பயந்து அழுதார். அழுததையே குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். கொலுசு பிறகு அந்த வீட்டு அரிசிப் பானைக்குள்ளேயே கிடைத்தது. ஒருவரும் அந்தப் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. "எனக்கு சாமி மேலகூட அவ்வளவு கோவம் வரல. ஒரு வார்த்தை கேக்காம திரிஞ்ச மனுசங்க மேலதான் வந்துச்சு" என்று அக்கா பின்னாளில் சொல்வார்.

படித்து, மைசூரில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கு வந்தார். தேவராஜ மொஹல்லாவில் ஒரு சிறிய வாடகை வீடு பிடித்து அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டார். என் படிப்பு முடியட்டும் என்று தன் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டார். நான் வேலைக்குப் போன பிறகு, அந்தப் பேச்சை எடுக்கவே விடவில்லை.

அலுவலகத் தோழி ஒருவர் மூலம் மனிதநேய வட்டத்தில் சேர்ந்தார். சாமியும் சாதியும் இல்லாமல் பிள்ளைகளை வளர்க்க நினைத்த குடும்பங்கள், சரஸ்வதிபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் கூடுவார்கள். பிள்ளைகளுக்கு நல்லது கெட்டதை யார் சொல்லித் தருவது என்ற கேள்வி எழுந்தபோது அக்கா முன்வந்தார். கன்னடமும் தமிழும் கலந்து நடந்த வகுப்பு அது. அவர் எதையும் முடிவாகச் சொல்லித் தருவது அபூர்வம். கேட்பார். "எப்பல்லாம் பொய் சொல்லலாம்?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டாராம். "அம்மா உப்புமா நல்லாருக்குன்னு தினமும் சொல்றேன் ஆன்ட்டி" என்று ஒரு பிள்ளை ஆரம்பிக்க, மத்தியானம் வரைக்கும் சண்டை ஓயவில்லை.

பிறகு அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து மருந்து ஏற்றியதில் தலைமுடி முழுவதும் கொட்டியது. அம்மா ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதார். அக்கா அழவில்லை. சிகிச்சை முடிந்து முடி திரும்ப முளைத்தபோது, சுருள் சுருளாக, முன்னைவிட மென்மையாக வந்தது. கண்ணாடி முன் நிற்கும் பழக்கமே இல்லாத அக்கா, அப்போது நின்று பார்ப்பார்.

அந்தச் சமயத்தில்தான் அம்மா படுத்துவிட்டார். ஒரு நாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மணி, உனக்கு நல்லாயி முடி மொளச்சா மலையில எறக்கறதா மாதேஸ்வரனுக்கு வேண்டிக்கிட்டேன். என்னால இனிமே வர முடியாது. நீ போயி எறக்கோணும். எறக்கறேன்னு சொல்லு கண்ணு" என்றார்.

அக்கா அம்மாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, "சரிம்மா, எறக்கறேன்" என்றார். அந்த வாரமே அம்மா காலமானார்.

காரியமெல்லாம் முடிந்ததும் அக்கா, மலைக்குப் போகலாமா என்று கேட்டபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் சாமி கும்பிடுகிறவன். இருந்தும் சொன்னேன்: "அம்மாவே இல்லக்கா. இனிமே யாரு கேக்கப் போறாங்க? இப்பத்தான் உனக்கு முடியே வந்திருக்கு."

"கேக்க ஆளு இல்லைன்னா, சொன்னது இல்லைன்னு ஆயிருமா தம்பி?"

கொள்ளேகால் போய் மாதேஸ்வரன் மலைக்குப் பஸ் ஏறினோம். முடி இறக்குகிறவர் தலையை நனைத்துக்கொண்டே, "என்ன வேண்டுதலம்மா?" என்று கேட்டார். "எங்கம்மாவோடதுங்க" என்றார் அக்கா. சுருள் முடி மடியில் விழ விழ அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நோயில் கொட்டியபோது அழாதவர் அங்கே அழுதார். முடிந்ததும், சன்னதிக்குப் போகலாம் என்று நான் அழைத்தேன். "கும்பிடறேன்னு அம்மாகிட்ட சொல்லல தம்பி. எறக்கறேன்னுதான் சொன்னேன். நீ போயிட்டு வா, நான் இங்கயே நிக்கறேன்" என்றார். நான் வெளியே வந்தபோது, வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அதே இடத்தில் நின்றிருந்தார்.

அடுத்த ஞாயிறு வகுப்புக்குப் போக வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. தலையை மூடவும் இல்லை. ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்ட நான், மாடிப்படியிலேயே நின்றுவிட்டேன். சின்மயி என்ற சிறுமி ஓடிவந்து, "ஆன்ட்டி, மத்தெ ஹுஷாரில்வா?" என்று கன்னடத்தில் கேட்டாள். மறுபடி உடம்பு சரியில்லையா என்று பயந்துவிட்டது பிள்ளை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்காவுக்கு எந்தச் சிக்கலும் வந்திருக்காது.

"இல்ல கண்ணு. நல்லாத்தான் இருக்கேன்" என்று எல்லாவற்றையும் சொன்னார்.

"நம்பாததை யாருக்காகவும் செய்யக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றான் ஒரு பையன்.

"சொன்னேன். சொன்ன சொல்லைக் காப்பாத்தணும்னும் சொன்னேன். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதுனா என்ன பண்றது? எனக்கு முழுசாத் தெரியல. நான் இதைப் பண்ணேன். நீங்க என்ன பண்ணுவீங்க?"

"அம்மாகிட்டயே முடியாதுன்னு சொல்லியிருக்கணும்" என்றாள் சின்மயி.

"அதுதான் நேர்மை. ஆனா அவங்க முகத்தைப் பார்த்து என்னால சொல்ல முடியலையே" என்றார் அக்கா.

சில பெற்றோருக்கு இது பிடிக்கவில்லை. அந்த வாரம் வட்டத்தின் செயலாளர் வீட்டுக்கு வந்தார். காப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "பிள்ளைகளுக்குக் குழப்பமா இருக்கும்மா. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்குங்க" என்றார்.

"குழம்பட்டும்னுதான் சார் கேட்டேன்" என்றார் அக்கா. செயலாளர் காப்பியைக் குடிக்காமலே வைத்துவிட்டு எழுந்தார். அவர் கெட்டவரல்லர், வேறு வழி தெரியவில்லை.

ஊரிலிருந்து எங்கள் அத்தை குங்குமத்தோடு வந்து, "இப்பவாச்சும் புத்தி வந்துச்சே" என்று அக்காவின் கன்னத்தைத் தடவினார். "இல்லைங்க அத்தை, அம்மாவுக்காகத்தான் போனேன்" என்று அக்கா சொன்னதும் அத்தையின் முகம் வாடிவிட்டது. இரண்டு பக்கமும் அக்காவுக்கு ஆள் இல்லாமல் போயிற்று.

கொஞ்ச நாள் என்றது நீண்டுகொண்டே போனது. ஞாயிறு காலையில் அக்கா குளித்து, கஞ்சி போட்ட பருத்திச் சேலை கட்டி, போக இடமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பிறகு அந்த நேரத்துக்குத் தேவராஜா மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போக ஆரம்பித்தார். வகுப்புப் பிள்ளைகள் எதிரே வந்தால் கையாட்டுவார்கள். சில தாய்மார்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அதை அவர் ஒரு குறையாகச் சொன்னதேயில்லை.

நோய் திரும்பியது. இந்த முறை எலும்புக்குள் போயிருந்தது. சின்மயியை அவள் அம்மா அழைத்து வந்தார். "பயமா இருக்கா ஆன்ட்டி?" என்று அவள் கேட்டாள். "வலிக்குப் பயம்தான். அப்புறம் நடக்கறதுக்குப் பயமில்ல. உங்களையெல்லாம் இனிமே பாக்க முடியாதேன்னு துக்கமா இருக்கு" என்றார் அக்கா. அந்தப் பிள்ளை அவருடைய கையை விடவேயில்லை.

செயலாளரும் வந்தார். கண் கலங்கி, "நாங்க தப்புப் பண்ணிட்டோம். எழுந்து வாங்க, பிள்ளைங்க காத்திருக்காங்க. வர்றேன்னு சொல்லுங்க" என்றார்.

அக்கா சிரித்தார். "சொல்ல மாட்டேன் சார். சொன்னா வரணும்."

உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க அவரே ஏற்பாடு செய்து வைத்திருந்தார். மற்ற காரியங்கள் என்ன செய்ய என்று நான் கேட்டேன். "உன்கிட்ட சத்தியம் எதுவும் வாங்க மாட்டேன் தம்பி. அது எவ்வளவு கனம்னு எனக்குத் தெரியும். உனக்கு எது ஆறுதலோ அதைச் செய்" என்றார். அவர் வாய்விட்டு ஒன்றைக் கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கருமாதி செய்யவில்லை. வீட்டில் அவர் படத்தின் முன் ஒரு விளக்கு ஏற்றினேன். அது என் ஆறுதலுக்காக. அக்காவின் நம்பிக்கை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வலி குறையப் பாடுபட்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், தினமும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், தம் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் வந்த செயலாளருக்கும், மனத்தாங்கல் இருந்தும் கடைசி நாளில் வந்து அக்காவின் காலடியில் உட்கார்ந்திருந்த அத்தைக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மொட்டைத் தலையோடு வந்த அந்த ஞாயிறு வீடு திரும்பும்போது அக்கா ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, நீங்கள் ஒவ்வொருவரும் சொன்ன பதிலை வழியெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார். "எவ்வளவு நல்லா யோசிக்குதுங்க பாரு. அடுத்த வாரம் இதுலயே ஆரம்பிக்கணும்" என்றார். அதுதான் அவருடைய கடைசி வகுப்பு என்று எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது.