வள்ளியக்காவும் குதிரையின் தூணும்

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்து மின்படிக்கட்டில் நின்றிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. எங்கள் ஞாயிறு நடைக் குழுவில் ஒரே வரி. வள்ளியக்கா தூக்கத்திலேயே போய்விட்டார். கீழே அவருடைய செங்காங் வீட்டு முகவரி. மேலே வந்து சேர்ந்தும் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றேன்.

அவரோடு நடந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அக்காவும் நானும் ஒரே காப்புறுதி அலுவலகத்தில் வேலை பார்த்தோம். மாதம் ஒரு ஞாயிறு, யாரும் தேடிப் போகாத நினைவுச் சின்னம் ஏதாவது ஒன்றுக்கு எங்களை அழைத்துப்போவார். "பெரிய கோயிலுக்கு ஊரே வழி சொல்லும். இதுக்கெல்லாம் நாமதான் வழி கேக்கணும்" என்பார். போய்ச் சேர்ந்ததும் படம் எடுக்க விடமாட்டார். "மொதல்ல கை வைங்க. போட்டோ எங்கயும் ஓடிடாதுலா."

ஒருமுறை, மலேசியாவின் ஜொகூரில் ஒரு சிறு நகரம். பழைய ரயில் நிலையத்துக்குப் பின்னால், சுண்ணாம்பு அடித்த இடுப்புயரத் தூண். ரப்பர் தோட்டத்தில் இறந்துபோன தமிழ்த் தொழிலாளர்களுக்காக நட்டது என்று அக்கா சொன்னார். அங்கிருந்த கடைக்காரர் ஒருவர் அவருக்குச் சொன்னது அது. எங்களோடு வந்திருந்த டாக்ஸி ஓட்டுநர் குமரேசன் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவருடைய தாத்தா அந்தத் தோட்டத்தில் இறந்தவர். எங்கே புதைத்தார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அதன் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்னால் குமரேசன் எல்லை தாண்டிப் போய்த் தூணுக்கு மாலை போட்டுவந்தார்.

ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு அக்கா தனியாக அங்கே போனார். தூணின் அடிப்பக்கம் சுண்ணாம்பு உரிந்து ஆங்கில எழுத்துகள் தெரிந்தன. தோட்டத்துத் துரை செத்துப்போன தன் குதிரைக்கு வைத்த தூண் அது.

குமரேசனுக்குப் போனில் சொல்லலாமே என்றேன். "அழவச்சது நேர்லதானே?" என்றார். சிராங்கூன் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடை. வாழை இலைக்கு அந்தப் பக்கம் குமரேசன், இந்தப் பக்கம் அக்காவும் நானும்.

"அண்ணே, அந்தத் தூண் நம்ம ஆளுங்களுக்கு இல்ல. துரையோட குதிரைக்கு. நான் சொன்னது தப்பு."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "குதிரைக்கா?"

"ஆமா."

"சொல்லாம விட்டிருக்கலாம்ல வள்ளி. யாருக்கு என்ன நஷ்டம்?"

"உங்க தாத்தாவுக்குத்தான். அவரோட மாலைய குதிரை வாங்கிட்டிருக்கு."

குமரேசன் இலையை மூடிவிட்டு எழுந்தார். அதன் பிறகு அக்காவின் அழைப்புகளை எடுக்கவேயில்லை.

பிறகு அக்கா எங்களை மறுபடியும் அதே தூணுக்கு அழைத்துப்போனார். எல்லோரும் கை வைத்தபின், சத்தமாக: "போன தடவ நான் சொன்னது தப்பு." யாரோ கிண்டலாக, அப்போ குதிரைக்கு ஒரு மாலை போடலாமா என்றார். "போடுங்க. அதுவும் பாடுபட்டதுதான். ஆனா குதிரைக்குன்னு தெரிஞ்சு போடுங்க."

திரும்பும் பேருந்தில் மெதுவாகக் கேட்டார். "குமரேசன் அண்ணன்கிட்டேருந்து ஒரு இடத்தப் பிடுங்கிட்டேனா?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மண்டாய் தகனக் கூடத்தில் குமரேசனைப் பார்த்தேன். கடைசி வரிசையில், தனியாக. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இப்பவும் போறேன்" என்றார். "தூணுக்கு இல்ல. தோட்டத்துக்கு. ஆளுங்க குடியிருந்த மேடு, இப்ப வெறும் புல்லு. தாத்தா எந்தப் பக்கம் கிடக்கிறார்னு தெரியாது. பூவ உதுத்து மேடு பூரா தூவிட்டு வருவேன். எல்லாருக்கும் சேத்து."

"அக்காகிட்ட சொன்னீங்களா அங்கிள்?"

"கோவமா இருந்தேன்லா."

அக்காவின் பெட்டியைத் திரை மூடும்வரை அவர் முன்னால் பார்த்தபடி இருந்தார்.

பேருந்தில் அக்கா கேட்டதற்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது: பிடுங்கவில்லை, அக்கா. கேட்க அவர் இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். "நான் சொன்னது தப்பு" என்று சொன்னபோது அவர் குரல் தாழவில்லை. மற்ற எதையும் சொல்லும் அதே குரல். அது எனக்கு வேண்டும்.