ஸ்வெட்டரில் செய்த பூவளையம்

என் வீட்டுக்காரர் கல்வராயன் மலையில் வாத்தியார். கச்சிராயபாளையத்திலிருந்து தினமும் பைக்கில் போய் வருவார். மார்கழிக் குளிருக்கென்று ஊட்டியில் வாங்கிய அசல் கம்பளி ஸ்வெட்டர் ஒன்று வைத்திருந்தார். மலைப்பாதையில் வண்டி சறுக்கிச் செத்துப்போன அன்று அதைப் போடாமல் போயிருந்தார்.

செத்தவர் துணி வீட்டில் இருக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். காரியம் முடிந்ததும் மாமியார் கைக்குட்டை வரைக்கும் மூட்டை கட்டி வெளியே அனுப்பினார். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. ஸ்வெட்டரை மட்டும் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அவர் வாசனை என்று எனக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

அதற்கும் வந்தது கேடு. நாத்தனார் அதைக் கண்டெடுத்து, சோடா உப்புப் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் அமுக்கிவிட்டாள். வெயில் பூமியில் பிறந்தவளுக்குக் கம்பளியைப் பற்றி என்ன தெரியும்? அடித்துத் துவைத்ததில் சுருங்கி, அட்டைபோல இறுகி, குழந்தைச் சட்டை அளவுக்கு ஆகிவிட்டது.

“கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?” என்று கத்தினேன்.

“தீட்டு போயிட்டா நீ வச்சிக்கலாம்னுதான் அண்ணி வென்னீல போட்டேன்” என்று அழுதாள்.

மோந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது.

இப்படி இறுகிய கம்பளியை வெட்டினால் நூல் பிரியாது, பூச்செய்து சுவரில் மாட்டலாம் என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். துணியாக இருந்தால்தானே மாமியார் தூக்கி எறிவார்? அலங்காரப் பொருளாகிவிட்டால் என்ன செய்வார், பார்க்கலாம் என்று வீம்பு வந்தது. முதலில் ஸ்வெட்டரின் கைகள் இரண்டையும் வெட்டினேன். இதழிதழாக நறுக்கி, சுருட்டி, எம்பிராய்டரி வளையத்தைச் சுற்றித் தைத்தேன். பாதி வளையம்தான் நிரம்பியது. மீதிக்கு உடம்புப் பகுதியில் கத்தரிக்கோலை வைக்கும்போது மாமியார் வந்துவிட்டார்.

திட்டட்டும், நானும் பேசிக்கொள்கிறேன் என்றிருந்தேன். அவர் குனிந்து அதை எடுத்தார்.

“அவன் சொட்டரா?”

“ஆமாங்க அத்தே.”

அப்படியே தரையில் உட்கார்ந்து மடியில் விரித்தார். “பள்ளிக்கூடத்துல சேக்கும்போது இம்மாந்தான் இருந்தான்” என்றார். தடவிக்கொண்டே இருந்தார். தோள்பக்கம் வந்ததும் விரல் நின்றுவிட்டது.

“கை எங்கடி?”

வளையத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கி, கை இருந்த இடத்தில் வைத்து வைத்துப் பார்த்தார்.