ஷோகேஸில் நின்ற குதிரைக்காரன்

எங்கள் வீட்டு ஷோகேஸில் நாலு பியர் டின்கள் இரண்டு வருடத்துக்கு மேல் நின்றன. ஒரு பக்கம் வெண்கலக் குத்துவிளக்கு, மறுபக்கம் மகன் சின்ன வயதில் ஓட்டப்போட்டியில் எடுத்த கப். இதென்ன குத்துவிளக்குக்குப் பக்கத்தில் பியர் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். என் மனுசன் அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பவர் போல எழும்பிப் போய்க் கண்ணாடிக் கதவைத் திறப்பார்.

"இது என்ரை மகன் செய்தது. இந்தப் படத்திலை நிக்கிறது நான்."

டின்னில் ஒரு கௌபாய் நின்றான். தொப்பி, பூட்ஸ், இடுப்பில் துப்பாக்கி எல்லாம் இருந்தது. முகம் மட்டும் அசல் இவர்தான், மீசையும் விரிந்த காதுகளுமாக. மேலே பிரெஞ்சில் பெயர் பெரிதாக, பிரெஞ்சுதான் பெரிதாக இருக்கவேண்டும் என்கிற இந்தக் கனடா ஊர்ச் சட்டத்துக்குப் பயந்து. கீழே தமிழில் சின்னதாகக் 'குதிரைக்காரன்' என்று இருந்தது.

குதிரைக்காரன் இவருடைய ஆள். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒளித்துத் தியேட்டரில் கௌபாய் படம் பார்த்தவர் இவர். படத்தில் கதைக்கிற இங்கிலீஷ் ஒரு சொல் விளங்காதாம். கெட்டவன் ஆர், நல்லவன் ஆர் என்று தொப்பியைப் பார்த்தே பிடித்துவிடுவாராம். பிறகு இங்கே மகன் பிறந்ததும், பார்த்ததையும் வாசித்ததையும் கலந்து தன் பாட்டுக்கு ஒரு குதிரைக்காரனை உண்டாக்கினார். அவன் யாழ்ப்பாணத் தமிழ் பேசுவான். கொள்ளைக்காரரைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிட்டு, நெருப்பு மூட்டி, பால் விடாத பிளேன்ரீ குடிப்பான்.

நான் அப்போது டோர்வல் ஏர்போர்ட்டில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் வேலைக்குப் பின்னேரங்களில் போவேன். பிள்ளையை இவர்தான் பார்த்தார். எனக்கு லீவு கிடைக்கிற நாட்களில் நானும் இருந்து பார்த்திருக்கிறேன். கிறிஸ்மஸ் காலத்தில் மரப்பெட்டியில் வருகிற சின்ன ஆரஞ்சை, நாங்கள் சொல்லும் தோடம்பழத்தை, எடுத்து, தோலை அறாமல் ஒரே சுருளாக உரிப்பார். அதைத் தலைக்கு மேல் சுழற்றி, "இதுதானடா குதிரைக்காரன்ரை சுருக்குக் கயிறு" என்பார். கதை முடியும்போது மகனின் கை, சட்டை, தலைமயிர் எல்லாம் தோடம்பழம் மணக்கும். குளிக்க வார்த்தாலும் அந்த மணம் போகாது.

அந்த மகன் வளர்ந்து, எஞ்சினியரிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பியர் காய்ச்சுகிற ஒரு சின்னக் கம்பனியில் போய்ச் சேர்ந்தான். "சாராயம் காய்ச்சவோ உன்னைக் கனடாவிலை பெத்தனாங்கள்?" என்று கேட்டதோடு இவர் அவனோடு கதையை நிறுத்திவிட்டார். இவ்வளவுக்கும் தான் என்னவோ விரதகாரன் இல்லை. ஆட்கள் கூடினால் இரண்டு கிளாஸ் விஸ்கி எடுக்கிறவர்தான்.

அப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மகன் வந்து, நாலு டின்னையும் மேசையில் வைத்தான்.

"அப்பா, இது உங்கடை குதிரைக்காரன். நானே யோசிச்சு நானே காய்ச்சினது. ஃபிரிட்ஜிலை வையுங்கோ. வைச்சிருக்காமல் கெதியா குடிச்சுப்போட்டு எப்பிடி எண்டு சொல்லுங்கோ."

இவர் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கியதை நான் கண்டேன். மகன் காணவில்லை, ஏனென்றால் இவர் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவன் போன கையோடு ஷோகேஸைத் துடைத்து, கப்பைத் தள்ளி இடம் எடுத்து, டின்களை அடுக்கினார். ஷோகேஸுக்குக் கீழே ஹீட்டர். எதிரே யன்னல், நல்ல வெயில்.

"ஃபிரிட்ஜிலை வைக்கச் சொன்னவன்" என்றேன்.

"ஃபிரிட்ஜுக்குள்ளை வைச்சா ஆர் பாக்கிறது? நீர் சும்மா இரும்" என்றார்.

எங்கள் ஆட்களின் வியாதி இது. நல்ல சாமான் ஒன்று வந்தால் பாவிக்க மனம் வராது. புதுக் கதிரையின் பிளாஸ்டிக் உறை கழற்றுமுன் கதிரை பழசாகிவிடும். நல்ல கோப்பையை விருந்தாளிக்கென்று வைப்போம். விருந்தாளி வந்தால், இதைவிடப் பெரிய விருந்தாளி வரட்டும் என்று வைப்போம்.

மகன் ஒவ்வொரு முறை வரும்போதும் முதலில் ஷோகேஸைப் பார்ப்பான். ஆரம்பத்தில் சிரித்தான். "இன்னும் குடிக்கேல்லையோ?" என்பான். "பேந்து, பேந்து. என்ன அவசரம்?" என்பார் இவர். ஒருநாள் இவருடைய கூட்டாளி ஒருவர் வந்திருந்தார். "அண்ணை, அந்தக் குதிரைக்காரனிலை ஒண்டை உடைப்பமே?" என்று கேட்டார். "அது தொடுறேல்லை" என்று சொல்லிவிட்டு இவர் விஸ்கிப் போத்தலை எடுத்து வந்தார். மகன் பக்கத்தில்தான் இருந்தான்.

அன்றைக்கு அவனை வழியனுப்பப் படி வரைக்கும் போனேன்.

"அம்மா, அப்பா ஆர் குடுத்த போத்தலும் குடிப்பார். என்ரையை மட்டும் தொடமாட்டார்."

"அப்பிடி இல்லையடா. அதைச் சாமி மாதிரி வைச்சிருக்கிறார்."

"எனக்குச் சாமி வேண்டாம் அம்மா. குடிச்சுப்போட்டு ஒரு சொல் சொன்னாப் போதும்."

அதை இவரிடம் அப்படியே சொன்னேன். "அவனுக்கு என்ரை மனம் விளங்கும்" என்றார். என்னத்தை விளங்கும், வாய் திறந்து சொல்லாத மனம்? நானே ஒரு டின்னை உடைத்துக் கையில் திணித்திருக்கலாம். பியர் ஆம்பிளையளின் விஷயம் என்று விட்டுவிட்டேன்.

பிறகு அந்தச் சின்னக் கம்பனியை மூடிவிட்டார்கள். மகனுக்குக் கௌபாய்களுக்குப் பேர்போன கல்கரியில் வேலை கிடைத்தது. "குதிரைக்காரன்ரை ஊருக்கே போறான்" என்று இவர் எல்லோருக்கும் பகிடியாகச் சொன்னார். அவன் போன பிறகு பகிடி விடுவது குறைந்தது. போன் எடுத்தால் மகன் என்னோடுதான் கதைப்பான். அப்பாவிடம் கொடுத்தால், குளிர் எப்படி, சாப்பிட்டாயா, அவ்வளவுதான்.

போன மாரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற எனக்கு டின் உடைக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். இவர் நல்ல கிளாஸ் ஒன்றில் குதிரைக்காரனை ஊற்றி வைத்திருந்தார். ஒரு மிடறு குடித்தார். முகம் கோணியது. "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு இப்பிடித்தான் பிடிக்கும் போலை" என்றுவிட்டு, கஷாயம் குடிக்கிற மாதிரி முழுவதையும் குடித்து முடித்தார். பிறகு தானாகவே மகனுக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, உன்ரை பியர் குடிச்சனான். நல்லாயிருக்கு."

"இப்பவோ அப்பா?"

"ஓம், இப்பதான். ஒரு சொட்டு விடேல்லை."

"என்ன மணம் வந்தது?"

இவருக்கு அதற்கு மேல் பொய் சொல்ல வராது. "மட்டைப்பெட்டி நனைஞ்சா வருமே, அப்பிடி ஒரு மணம். வித்தியாசமா நல்லாயிருந்தது."

"தோடம்பழம் மணக்கேல்லையோ?"

இவர் என்னைப் பார்த்தார்.

"தோல் போட்டனான் அப்பா. எல்லாம் நானே இருந்து உரிச்சது, அறாமல். டின்னிலை எழுதேல்லை. குடிச்சா உங்களுக்குத் தெரியும் எண்டு விட்டனான்." பிறகு, "பரவாயில்லை அப்பா. அந்த மணம் கெதியா போயிடும். அதுதான் அப்பவே குடிக்கச் சொன்னனான்" என்றான்.

போன் வைத்த பிறகு இவர் ஷோகேஸைத் திறந்து மிச்ச மூன்று டின்களையும் மேசைக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றாக உடைத்து, மூக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மணந்து பார்த்தார்.

"ஒண்டிலையும் இல்லை" என்றார் என்னிடம்.