செல்லாத்தாளும் வரப்பு ஆவாரையும்

மீனாட்சிபுரத்துச் செல்லாத்தாளிடம் அவள் காட்டில் என்ன விளைந்தது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வாள். ஓரகத்தி ராமுத்தாய் காட்டில் என்ன விளைந்தது என்று கேளுங்கள், கொடி கொடியாகச் சொல்வாள். அப்படி ஒரு வயிற்றெரிச்சல். இவர்கள் புருஷன்மார், அண்ணனும் தம்பியும், பிரித்துக்கொண்ட காடு அது. நடுவில் ஒரே வரப்பு.

எழுபதுகளில் வாய்க்கால் தண்ணீர் எட்டாமல் போன ஒரு வருஷம், ராமுத்தாய் ஆவாரை விதையைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து அந்த வரப்பு நெடுக ஊன்றினாள். செல்லாத்தாள் சிரித்த சிரிப்பு பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கேட்டது.

"ஏம்புள்ள, தானா மொளைக்கறதை யாராச்சும் வெதைப்பாங்களா? ஆடுகூடத் திங்காது."

"அதுனாலதான் அக்கா வெக்கறேன். மழை இல்லாட்டியும் பூக்கும். பூத்தா வண்டு வருமுங்க."

மறு வருஷம் வரப்பு முழுக்க மஞ்சள். கருவண்டும் தேனீயும் விடிய வெள்ளென வந்து மொய்த்தன. இரண்டு காட்டிலும் போட்டிருந்தது அரசாணி, அதாவது மஞ்சள் பூசணி. கோடைக்கு அதுதான் இரண்டு வீட்டுக்கும் சோறு. இரண்டு காட்டிலும் நன்றாகவே காய் பிடித்தது. ஆனால் சித்தூர் வியாபாரி வண்டியை நிறுத்தி, "சின்னவங்க காட்டுக் காய்தான் காய்!" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். போச்சு! செல்லாத்தாளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தன் வீட்டில் குவிந்து கிடந்த காய் அவள் கண்ணில் படவே இல்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை என்பார்கள் சிலர். நான் சொல்கிறேன், குற்றம்தான்.

அடுத்த பொங்கலுக்கு முந்தின நாள், காப்புக் கட்டு. வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்துக் கூரையிலும் கட்டுத்தறியிலும் காட்டிலும் செருக வேண்டும். அன்றைக்கு யார் வரப்பில் ஆவாரம்பூ பறித்தாலும் ஏனென்று கேட்கக் கூடாது; ஊர் வழக்கம். செல்லாத்தாள் அதைப் பிடித்துக்கொண்டாள். அருவாளோடு போய் வரப்பு நெடுக அடியோடு அரிந்து, ஊருக்கே கட்டுக் கட்டாகக் கொடுத்தாள். ராமுத்தாய் ஓடி வந்தாள்.

"பூப் பறிக்கறதுதானுங்க அக்கா வழக்கம்? செடியை ஏனுங்க வெட்டுனீங்க?"

"நல்ல நாளும் அதுவுமா அழுவாத புள்ள. சாமி காரியம்."

தை பிறந்து அரசாணி பூத்தது. வண்டைக் காணோம். பிஞ்சு பிஞ்சாக வெம்பி உதிர்ந்தது. ராமுத்தாய் காட்டில் உதிர்ந்ததை எட்டிப் பார்த்துவிட்டு வந்த செல்லாத்தாள், நம்புங்கள், அன்றைக்குப் பாயசம் வைத்தாள். அது ஆறுவதற்குள் புருஷன் ஆறுச்சாமி துண்டு நிறைய வெம்பல் பிஞ்சோடு வந்து நின்றார்.

"காய் அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. அவ ஆவாரைக்கு வந்த வண்டுதானே புள்ள நம்ம பூவையும் தொட்டுச்சு!"

எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்ட கதைதான். சித்தூர் வண்டி இரண்டு காட்டையும் பார்த்துவிட்டு நிற்காமல் போனது. அந்தக் கோடையில் இரண்டு வீட்டு அடுப்பும் ஒரு வேளைதான் எரிந்தது.

பங்குனி வெயிலில் ஒரு நாள், குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் குடத்தோடு சுமந்து வந்து செல்லாத்தாள் ஆவாரைக் கட்டைகளுக்கு ஊற்றினாள். பின்னால் ராமுத்தாய் வந்து நின்றாள்.

"அதுக்குத் தண்ணி வேண்டாமுங்க அக்கா. அருவா படாம இருந்தாப் போதும்."

கட்டைகளில் ஏற்கெனவே துளிர் விட்டிருந்தது. செல்லாத்தாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் குந்தினாள். கண் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் அவள் செல்லாத்தாள் அல்லவா?

"அதென்ன புள்ள," என்றாள், "துளிரெல்லாம் உன்ற காட்டுப் பக்கமே சாஞ்சிருக்குது?"