மணலில் அளந்த கை

உச்சிப்புளியைத் தாண்டி ராமேசுவரம் சாலையோரம் இருக்கிறது முருகலட்சுமியின் கார் பட்டறை. கணவர் பிரபாகரனோடு பன்னிரண்டு வருஷம் எஞ்சின் பிரித்து மாட்டியவள். அவர் மஞ்சள் காமாலையில் போன பதினேழாம் நாள் பட்டறையைத் திறந்துவிட்டாள். ஊர் பேசியதை எழுதினால் தாள்தான் வீண். ஆனாலும் வண்டிகள் வந்தன.

போன வைகாசியில் குருநாதன் தன் பழைய அம்பாசடரைக் கொண்டுவந்தார். உள்ளே கிராமத்தில் நிலபுலன் உள்ளவர். பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு, ஒரு வேனின் டீசல் எஞ்சினை வைக்கச் சொன்னார், வைத்தாள். புது எஞ்சின் ஓர் ஆள் எடை கூடுதல். வண்டியின் முன்பக்கம் அமுங்கி, வேகத்தடைதோறும் அடி தட்டியது.

அவள் எதிர்பார்த்ததுதான். அந்த வண்டியின் முன்பக்கத்தைத் தாங்குவது, பக்கத்துக்கு ஒன்றாக அடியில் நீளக் கிடக்கும் டார்ஷன் பார் என்கிற முறுக்குக் கம்பி. மதுரையில் தேடிப் பிடித்த தடித்த கம்பிகளை மாட்டினாள். தரையிலிருந்து மட்கார்டு விளிம்புவரை டேப் பிடித்து, இரண்டு பக்கமும் ஒரே உயரம் வரும்வரை முறுக்கினாள். தார்ச்சாலை ஏறியதும் வலப்பக்கம் ஒன்றரை அங்குலம் தாழ்ந்து நின்றது. திரும்பக் கொண்டுவந்து அளந்து முறுக்கினாள். திரும்பவும் அதே கோணல்.

குருநாதனின் அக்கா சண்முகவள்ளி காரணம் கண்டுபிடித்துவிட்டார்: தாலியறுத்தவள் கை பட்ட வண்டி. எஞ்சின் எடையை விட்டுவிட்டுப் புருஷனை இழந்தவள்மீது பழி போட நம் ஊரில் யாருக்கும் வெட்கமில்லை. குருநாதன் நாலு எலுமிச்சம்பழத்தோடு வந்து, இன்றைக்குச் சரியாகாவிட்டால் வண்டியை ராமநாதபுரம் கொண்டுபோவதாகச் சொன்னார். அந்தப் பேச்சோடு இந்த வண்டி வெளியேறினால், அடுத்த வண்டி உள்ளே வராது. முருகலட்சுமிக்கு அது தெரியும்.

வண்டிக்கடியில் படுத்தாள். படுத்த இடத்தில் முதுகு நனைந்தது. வண்டி கழுவிய தண்ணீர் எப்போதும் இடப்பக்கமாகத்தான் ஓடும். அந்தப் பக்கத்துச் சக்கரம் ஈர மணலில் விரல் ஆழம் புதைந்திருந்தது. புதைந்த பக்கம் தாழ்வாகத் தெரிய, அவள் அதையே தூக்கித் தூக்கி முறுக்கியிருக்கிறாள்; சமமான சாலையில் அந்தப் பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் தாழ்ந்திருக்கிறது.

பக்கத்தில் பஞ்சம்மாள் கருவாடு காயவைக்கும் சிமெண்டுத் தளம். கேட்டதும் பஞ்சம்மாள் பாதித் தளத்தைக் கூட்டிக் கொடுத்தாள். வண்டியை அங்கே நிறுத்தி, இந்தமுறை தரையை நம்பாமல், சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டுவரை அளந்தாள். இடப்பக்கக் கம்பியைத் தளர்த்தினாள். குருநாதனையும், பஞ்சம்மாளையும், அவளோடு கருவாடு காயவைக்கும் மூன்று பெண்களையும் ஏற்றிக்கொண்டு சாலையில் போய் வந்தாள். நாலு வேகத்தடை, ஒன்றிலும் தட்டவில்லை.

"கருவாட்டு வாடை போக நாளாகும் அண்ணே," என்றாள் பஞ்சம்மாள், இறங்கும்போது.

குருநாதன் குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தார். "அப்ப கைராசிக் கோளாறு இல்லங்கிற?"

"என் கைதான் தப்பு அண்ணே. தாலி இல்லாத கைங்கிறதால இல்ல, மணல்ல வச்சு அளந்த கைங்கிறதால. அக்காகிட்ட அப்படியே சொல்லுங்க."

அவர் சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு, பையிலிருந்த எலுமிச்சம்பழங்களை எடுத்துச் சக்கரத்தைப் பார்த்தார்.

"இங்கன குடுங்க," என்று வாங்கிக்கொண்டாள் முருகலட்சுமி. "வெயிலு கொளுத்துது. அஞ்சு பேருக்கும் சர்பத் போடுறேன்."