ஐந்து மடங்கு கொக்கு

எழும்பிவிட்டது!

பொங்கலன்று பின்னேரம் வல்வெட்டித்துறைக் கடற்கரையில், பதினைந்து அடிக் கொக்குப் பட்டம் ஒன்று மண்ணை உதறிக்கொண்டு எழும்பிவிட்டது. கயிறு பிடித்த கைகளில் என் கையும் ஒன்று. உள்ளங்கையில் தோல் உரிந்து கிடக்கிறது. அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன்... எழுத்துக் கோணலாக இருந்தால் அச்சுக் கோப்பவர் மன்னிக்க.

தவம் என் மனைவியின் அண்ணன். வள்ளம் ஓட்டின மனுசன். சண்டையால் இப்போது கடலுக்குப் போகத் தடை. வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. ஆளுக்கு மிச்சமாக இருக்கும் ஒரே கப்பல், பட்டம்தான். அவருடைய ஒழுங்கைக்காரர், அதாவது அந்தத் தெருச் சனம், பொங்கலுக்கு ஏற்றும் பெரிய பட்டத்துக்கு முச்சை கட்டுகிறவர் அவர். முச்சை என்றால் பட்டத்தின் நெஞ்சில் கட்டும் கயிறுகள். அவை கூடும் முடிச்சு ஒரு விரல் தள்ளினாலும் பட்டம் குத்துக்கரணம் அடிக்கும். அதனால் முச்சை கட்டுகிறவர்தான் தலைவர். இழு என்றால் மற்றவர்கள் இழுப்பார்கள். விடு என்றால் விடுவார்கள்.

போன பொங்கலுக்கு அவருடைய பட்டம் ஒரு வேலி உயரம்கூடப் போகவில்லை. சனம் சிரித்தது.

அந்த ஒழுங்கையில் ஒரு வழக்கம் உண்டு. தொடர்ந்து இரண்டு பொங்கலுக்குப் பட்டம் எழும்பாவிட்டால் முச்சை வேறு கைக்குப் போய்விடும். அந்தக் கை யாருடையது என்பதும் ஊருக்குத் தெரியும். அதே ஒழுங்கை ராசன்! சந்தியில் கண்ட இடத்தில் எல்லாம் கேட்பாராம்: “தவம் அண்ணை, உங்கடை கொக்குக்குக் கால் வருத்தமோ? எழும்ப மாட்டனெண்டு நிக்குது?”

கடலும் போய், முச்சையும் போனால் அந்த மனுசன் காலையில் எழும்பி எங்கே போவது?

மார்கழியில் ஒருநாள் எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து குந்தினார்.

“மூண்டடிக் கொக்கு அந்த மாதிரிப் பறக்குது, மச்சான். அதையேதான் அஞ்சு மடங்காக்கினனான். நீளம் அஞ்சு, அகலம் அஞ்சு, மூங்கிலின்ரை தடிப்பும் அஞ்சு. ஒண்டிலையும் பிசகேல்லை. பிறகேன் எழும்பேல்லை? என்ரை முச்சைதான் பிழையாக்கும்...”

என் மனைவி வதனி பருத்தித்துறையில் ஒரு மிசன் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் ரீச்சர். சோதனைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“முச்சையிலை பிழையில்லை அண்ணை. நீங்கள் எலியைப் பெருப்பிச்சு யானை செய்யப் பாத்திருக்கிறியள்.”

“உதென்ன கதை? நான் செய்தது கொக்கு!”

வெறும் தீப்பெட்டியை இந்தக் காலத்தில் யார் எறிகிறார்கள்? எங்கள் வீட்டில் ஒரு பேணி நிறையக் கிடந்தது. வதனி பேணியைக் கவிழ்த்தாள். ஒரு பெட்டியைத் தனியே வைத்தாள். பக்கத்தில் நீளம் இரண்டு, அகலம் இரண்டு, உயரம் இரண்டாக மற்றப் பெட்டிகளை அடுக்கினாள்.

“எல்லாம் ரெண்டு மடங்கு. எத்தினை பெட்டி?”

“எட்டு.”

“காத்துப் பிடிக்கிற முகத்திலை?”

தவம் குனிந்து பார்த்தார். “நாலு.”

“பாரம் எட்டு, காத்து நாலு. நீங்கள் அஞ்சு மடங்கெல்லே ஆக்கினீங்கள்? காத்துப் பிடிக்கிற செட்டை இருவத்தஞ்சு மடங்கு. மூங்கில் நூத்திருவத்தஞ்சு மடங்கு பாரம். எந்தக் காத்து உதைத் தூக்கும்?”

தவம் பெட்டிகளை விரலால் திரும்பவும் எண்ணிப் பார்த்தார்.

பிறகு அவள் விட்டபாடில்லை. கப்பல் கட்டுகிற ஆராய்ச்சிக்காரர் முதலில் சின்னக் கப்பலைத் தொட்டியில் இழுத்துப் பார்ப்பார்களாம். ஆனால் பெரிய கப்பலின் வேகத்தில் இழுத்தால் கணக்குப் பிழைத்துவிடும். அலை ஒரே மாதிரி எழும்ப வேண்டுமென்றால் சின்னதை மெதுவாகத்தான் இழுக்க வேண்டும். மருந்து ஆராய்ச்சியிலும் இதே கதை. எலிக்குச் சரிவந்த மருந்தை எடைக்கு எடை பெருக்கி யானைக்குக் கொடுத்தால் யானை போய்ச் சேர்ந்துவிடும். நில அளவைக்காரருக்கோ இந்தத் தலையிடியே இல்லை. அவருடைய முக்கோணத்துக்குப் பாரம் கிடையாதே! பனையின் நிழலையும் தடியின் நிழலையும் அளந்தே பனையின் உயரத்தைச் சொல்லிவிடுவார்.

கடல், ஆஸ்பத்திரி, காணி... எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான். இதுவும் அதுவும் ஒத்திருக்கிறது என்கிறாயே — எதில் ஒத்திருக்கிறது? எதில் ஒத்திருக்கவில்லை?

எனக்குச் சுருக்கென்றது. உங்களுக்குத் தெரியும், ‘போல’ இல்லாமல் எனக்கு ஒரு பந்தி எழுத வராது. நிலா தோணி போல என்பேன், மழை சல்லடை போல என்பேன், கணக்குக் காட்டாமல் அடுத்த வரிக்குப் போய்விடுவேன். இவர்களோ ஒரு ‘போல’வைப் பிடித்தால் அதைத் தராசில் வைக்காமல் விடுவதில்லை. கவிதை செய்கிறவன் ஒப்புமையில் மயங்கி நிற்கிற இடத்திலிருந்துதான் ஆராய்ச்சிக்காரன் வேலையைத் தொடங்குகிறான்!

“இப்ப என்ன செய்யச் சொல்லுறாய், பிள்ளை?” தவத்தின் குரல் தாழ்ந்திருந்தது.

“பெருக்க வேணுமெண்டால் உடம்பின்ரை அமைப்பை மாத்த வேணும். மூங்கிலின்ரை தடிப்பைக் குறையுங்கோ.”

“மெல்லிசா வைச்சா முறியுமெல்லோ?”

“அது எனக்குத் தெரியாது. கொக்குக்குத் தெரியும். அதின்ரை எலும்புக்குள்ளை வெறும் காத்து. உள்ளுக்குக் குறுக்கை குறுக்கை சின்னச் சின்ன முட்டு.”

தவம் முற்றத்தைப் பார்த்தபடி இருந்தார். திடீரென்று தொடையில் ஓங்கி அடித்தார்.

“பாய்மரம்! பாய்மரத்தை ஆரும் தென்னைத் தடிப்பிலை வைக்கிறதோ? அளவா வைச்சு, ரெண்டு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டுறதெல்லோ!”

எழும்பிப் போனவர் எங்களுக்குச் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

பட்டம் பொங்கலுக்கு முதல் நாள் முடிந்தது. விரல் தடிப்பில் மூங்கில். அதைக் குறுக்கும் நெடுக்கும் இறுக்கிப் பிடித்தது, மீன் பிடிக்கும் நைலோன் இழையான தங்கூசி. கடலுக்குப் போகாமல் வீட்டில் சும்மா கிடந்த அதே தங்கூசி. கலர்த் தாளுக்கு எங்கே போவது? பழைய பத்திரிகைதான். இடது செட்டையில் என் பத்தி ஒன்று தலைகீழாக ஒட்டியிருந்தது.

“பாரம் குறைஞ்ச எழுத்தாப் பாத்துத்தான் எடுத்தனான், மச்சான்” என்றார் தவம்.

பொங்கலன்று பகல் முழுக்கக் காற்று விழுந்து கிடந்தது. ராசன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.  தவம் முச்சையைக் கட்டினார், அவிழ்த்தார், திரும்பவும் கட்டினார். 

பின்னேரம் கடலிலிருந்து வாடைக்காற்று எழும்பியது.

“விடு!”

கொக்கு இடப்பக்கம் சரிந்தது. சனம் “ஓ...” என்றது. செட்டை மண்ணை உரசியது. மூங்கில் வளைந்தது — முறியவில்லை! தங்கூசி விறைத்தது. “இழு! இழு!” என்று தவம் கத்தினார். நாங்கள் மணலில் குதி புதைய இழுத்தோம். வேலி உயரம்... வீட்டுக் கூரை உயரம்... பனை வட்டுக்கு மேலே... அதற்கும் மேலே! கயிற்றுக்குக் கை போதவில்லை. யாரோ எனக்குப் பின்னால் பாய்ந்து பிடித்தார். திரும்பிப் பார்த்தால் ராசன்! “விடாதேங்கோடா!” என்று அவரும் கத்துகிறார்.

கொக்கின் தலையில் விண் பூட்டியிருந்தார்கள். காற்றில் அதிர்ந்து கூவும் நார் அது. சின்னப் பட்டத்தின் விண் வண்டு மாதிரிக் கத்தும். இது அடிவயிற்றிலிருந்து முழங்கியது. தூரத்து ஒழுங்கையில் சிலர் குண்டு போட வந்த ஹெலிகொப்டர் என்று நினைத்துப் பங்கருக்குள் இறங்கிவிட்டார்களாம். பிறகு எட்டிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே கடற்கரைக்கு ஓடி வந்தார்கள். எத்தனை காலத்துக்குப் பிறகு வானத்தில் எங்களுடைய சத்தம்! தவம் கயிற்றைப் பிடித்தபடி அண்ணாந்து நின்றார். முகம் முழுக்க ஈரம். கடற்காற்று என்று சொன்னார். நாங்களும் ஓம் என்றோம்.

நேற்றுக் காலை ராசன் ஒரு சீப்புக் கதலி வாழைப்பழத்தோடு எங்கள் படலையைத் திறந்தார். தேத்தண்ணி குடித்தார். மெல்லச் செருமினார்.

“ரீச்சர், வாற பொங்கலுக்கு இருவதடி செய்தா என்ன? கணக்கை நீங்கள் சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன். தவம் அண்ணைக்கும் வயது போகுது...”

வதனி பழத்தை வாங்கி மேசையில் வைத்தாள்.

“அண்ணையைக் கேளுங்கோ. முச்சை அவரின்ரை கையிலை.”